மூன்றாம் கேள்விக்கு ஆள் இல்லை

அந்தப் பக்கத்தில் அவளைப் பார்த்து அழாத பிள்ளை கிடையாது. குறையாகச் சொல்லவில்லை, அவள் பார்த்த உத்தியோகம் அப்படி. நகராட்சியின் தடுப்பூசி நர்ஸ். தோளில் குளிர்பெட்டியை மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவாள். அவள் தலை தெருமுனையில் தெரிந்தால் போதும், விளையாடிக்கொண்டிருந்ததெல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அம்மாக்கள் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வருவார்கள். 'ஊசியம்மா' என்று முதலில் கூப்பிட்ட புண்ணியவான் யாரோ தெரியாது. கடைசியில் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிஞ்சியது.

ஊசி போடும்போது அவள் சொல்வது எப்போதும் ஒன்றுதான். இடது கையால் பிள்ளையின் மேல்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சுருக்குன்னு இருக்கும் கண்ணு, அவ்வளவுதான்" என்பாள். சுருக்கென்பதோடு நிற்காது, கை வீங்கும், ராத்திரி காய்ச்சல் அடிக்கும், வீட்டில் ஒருத்தரும் தூங்க முடியாது என்பதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கூசாமல் அப்படித்தான் சொல்வாள். வேறென்ன சொல்ல முடியும்?

இப்பேர்ப்பட்டவள், ஒரு தொகுதியின் பிள்ளைகளையே நடுங்க வைத்தவள், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அழைப்பு மணி அடித்தால் திறப்பதா வேண்டாமா என்று புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் எப்போது? நாட்டின் நாடாளுமன்றத்தில் உறுப்பினராகி, பெயருக்கு முன்னால் 'மாண்புமிகு' ஒட்டிக்கொண்ட பிறகு.

அவள் உறுப்பினரான கதையே ஒரு கூத்து. தலைநகரின் கிழக்குத் தொகுதிக்குக் கட்சி முதலில் நிறுத்திய வேட்பாளர், கடைசி நேரத்தில் தலைமையோடு முறைத்துக்கொண்டு போய்விட்டார். எப்படியும் தோற்கப்போகிற தொகுதி, யாரையாவது நிறுத்தித் தொலையுங்கள் என்று மேலிடம் சொன்னது. "எல்லா வீட்டுக்குள்ளயும் போயிருக்கறது அந்த ஊசிக்கார அம்மா மட்டுந்தான்" என்று எவனோ வாயைத் திறந்தான். அழுத பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து ஓட்டுப் போடும் வயதுக்கு வந்திருந்தார்கள். ஊசி போட்ட கையெல்லாம் ஓட்டுப் போட்டது. ஜெயித்த அன்று கட்சி ஆபீசில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கோ கை கால் ஓடவில்லை.

மறுநாளே வாசலில் கூட்டம். சாக்கடை அடைத்திருக்கிறது, தெருவிளக்கு எரியவில்லை, மாமியார் சரியில்லை. "இதெல்லாம் நகராட்சி வேலைங்க, என் வேலை வேற" என்றாள். "அப்ப உங்க வேலைதான் என்ன?" என்று ஒரு அண்ணன் கேட்டார். அவளுக்கே சரியாகத் தெரியாது. புது உறுப்பினர்களுக்கு நடந்த வகுப்பில் போய்த்தான் தெரிந்துகொண்டாள். நாட்டுக்குச் சட்டம் போடுவது, அரசாங்கம் செலவழிக்கிற பணத்துக்கு ஒப்புதல் கொடுப்பது, அரசாங்கத்தைக் கேள்வி கேட்பது. பாடம் நடத்திய அதிகாரி மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் லேசாகச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று அவளுக்கு அன்று புரியவில்லை.

அவையில் அவளுக்குப் பக்கத்து இருக்கைக்காரருக்கு 'கொட்டாவி' என்று பெயர். பல தேர்தல் கண்ட மனிதர். கொட்டாவிகளுக்கு நடுவே விழித்திருக்கும் சொற்ப நேரத்தில் நல்ல விஷயமாக ஏதாவது சொல்வார். கேள்வி நேரத்தைப் பற்றி அவர்தான் சொன்னார். நூற்றுக்கணக்கான கேள்விகள் வரும், சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள், முதலில் வருகிற சில கேள்விகளுக்குத்தான் அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்வார். மற்றதெல்லாம் தாளில் அச்சாகி வரும். தாளை மடக்கி யாரும் கேள்வி கேட்க முடியாது. எழுந்து நிற்கிற அமைச்சரை மடக்கலாம், அதுக்குத்தான் துணைக் கேள்வி.

"நம்ம கேள்வி வர்ற நேரத்துல நாம சீட்டுல இல்லன்னா?" என்று கேட்டாள்.

"ஆள் இல்லன்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடுவாரு சபாநாயகரு. எல்லாக் கேள்வியும் முடிஞ்சும் நேரம் மிச்சம் இருந்தா, விட்டுப்போனவங்கள இன்னொரு தரம் கூப்பிடலாம்னு ஒரு விதி இருக்கு. நான் பாத்ததில்ல. இங்க எவன் சுருக்கமாப் பேசறான், நேரம் மிஞ்சறதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் போட்ட கேள்வி பெரிய கேள்வி ஒன்றுமில்லை. தொகுதியில் ஒரு குளிர்பதனக் கிடங்கு. குளிருக்காக அங்கே பெரிய தொட்டியில் அம்மோனியா நிரப்பி வைத்திருந்தார்கள். கிடங்கின் மதிலை ஒட்டிய சந்தில்தான் அவள் தங்கை குடியிருந்தாள். கொஞ்ச நாளாகத் தங்கை போன் பண்ணும்போதெல்லாம் இதே புலம்பல். "அக்கா, இன்னிக்கும் கண்ணு எரியுதுக்கா. சின்னவன் இருமிக்கிட்டே கெடக்கான்." ஊசியம்மா நேரில் போய் நின்றாள். மூக்கில் ஏறிய நெடியில் தலை கிர்ரென்றது. தொட்டி வெடித்தால் அந்தச் சந்தில் ஒரு குஞ்சு மிஞ்சாது என்பது நர்சுக்குத் தெரியாதா? கிடங்கில் கேட்டால் துரத்தினார்கள். ஆய்வுத் துறையில் கேட்டால் மேசைக்கு மேசை அலைக்கழித்தார்கள். அதனால் அவையில் கேட்டாள்: அந்தத் தொட்டியைக் கடைசியாகச் சோதித்தது யார், எப்போது, அது உறுதியாக இருக்கிறதா? குலுக்கலில் அவள் கேள்வி புதன்கிழமைக்கு மூன்றாவதாக வந்து விழுந்தது.

அப்பாடா என்று சந்தோஷப்பட்டாள், பாவம். அந்தக் கிடங்குக்காரர் ஆளுங்கட்சியான தன் கட்சிக்கே எவ்வளவு வேண்டியவர் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை அவையின் தாழ்வாரத்தில் கொறடா அவளைப் பிடித்துக்கொண்டார். கட்சி உறுப்பினர்கள் அவைக்கு வருகிறார்களா, சொன்னபடி ஓட்டுப் போடுகிறார்களா என்று பார்த்துக்கொள்கிற ஆளுக்குத்தான் கொறடா என்று பெயர். கொறடா என்றால் சாட்டை. இவர் கையில் சாட்டை கிடையாது, சட்டைப் பையில் புதினா மிட்டாய்தான் இருக்கும். ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"கேள்விய வாபஸ் வாங்குங்கன்னு யாராச்சும் சொன்னாங்களா உங்ககிட்ட? சொல்ல மாட்டோம். அது உங்க உரிமை. புதன்கிழமை மூணாவது கேள்வி வரும்போது நீங்க சீட்டுல இருக்க வேணாம். கேன்டீன் போங்க, ஒரு டீ குடிங்க. அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' அவள் காதில் குத்தியது. தன் வாய்ச்சொல்லை இன்னொருத்தர் வாயில் கேட்கிற மாதிரி இருந்தது. மிட்டாயை வாயில் போடாமல் கைக்குள்ளேயே வைத்திருந்தாள். அது பிசுபிசுத்துப் போயிற்று.

"கேக்காம எப்படிங்க இருக்கறது? என் தங்கச்சி அங்கதான..."

"தங்கச்சிக்கு வேற நல்ல வீடு பாத்துத் தருவோம். யோசிங்க" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார் அவர்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். தொகுதி ஆட்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்தாள். அடாவடியாக வந்திருந்தால்கூடத் தேவலை, கத்திக் கூப்பாடு போட்டிருப்பாள். அவர்கள் செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். நெட்டையாக இருந்தவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்தான்.

"சாரு ஸ்கூல் வேன்தான ஓட்டறாரு?" என்றான்.

"ஆமா."

"பாலத்துக்கிட்ட ரோடு ரொம்ப மோசம்மா. சக்கரம் கிக்கரம் கழண்டா நேரா ஆத்துலதான். பாத்து ஓட்டச் சொல்லுங்க. சின்னப் பசங்க வேற இருக்காங்க இல்ல?"

மற்றவன் கதவோரம் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். போகும்போது நெட்டையன் டம்ளரைச் சமையலறைத் தொட்டியில் கொண்டுபோய் வைத்து, குழாயைத் திறந்து அலம்பிவிட்டுப் போனான். அது இன்னும் மோசமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். தபால்காரர் மணி அடித்தார், திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டாள், வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். வேனில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால்கூட, தான்தான் வேகமாகத் திருப்பிவிட்டோமோ என்று வருத்தப்படுகிறவர். அவள் தேர்தலில் நின்றபோது, "எனக்கு மேடையில உக்காரவெல்லாம் வராது, வேணும்னா கூட்டத்துக்கு ஆளுங்கள ஏத்திட்டு வரேன்" என்று சொல்லி அப்படியே செய்தவர்.

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கொட்டிவிட்டாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றின கையோடு அப்படியே நின்றார்.

"கேக்காத" என்றார். "வேணாம் விடு. நான் ஒண்ணும் சினிமாக்காரன் இல்ல. வேன்ல அடுத்தவங்க பெத்த பிள்ளைங்க இருக்கு. உனக்கு என்ன தெரியும், அந்தப் பாலத்துல ஏறுனாலே ஸ்டியரிங்க விடாப்பிடியாப் பிடிச்சுக்குவேன்."

"அப்ப தங்கச்சி?"

"வீட்டக் காலி பண்ணச் சொல்லு."

"அந்தச் சந்துல அவ ஒருத்திதான் இருக்காளா?"

அவர் தட்டில் போட்டதைச் சாப்பிடவில்லை. பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துத் தங்கை போன் பண்ணினாள். குரலில் அப்படி ஒரு குதூகலம். "அக்கா, நாளைக்கு டிவில உன்னக் காட்டுவாங்களாமே! சந்தே எங்க வீட்டுக்கு வருது. நல்ல புடவையா கட்டிக்க. அந்தப் பழுப்பு வேணாம், ஊசி போடறப்ப கட்டிக்கிட்டு வர்றது." ஊசியம்மாவுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

புதன்கிழமை காலையில் அவள் கிளம்பும்போது வீட்டுக்காரர் வேனுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்பேனர். ஒவ்வொரு சக்கரமாக நட்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடமாக அந்த வேனை ஓட்டுகிறார், ஒரு நாளும் இப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. அவளைக் கண்டதும் அவர் சட்டென்று எழுந்தார், எதையோ பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. பாத்துட்டேன், எல்லாம் இறுக்கமா இருக்கு. அவ்வளவுதான். நீ போ, பஸ் போயிடப்போவுது."

பஸ்ஸில் போகும் வழியெல்லாம் மனசுக்குள் தராசு ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் வேன், ஒரு பக்கம் சந்து. அவை வாசலில் இறங்கும்போது முடிவுக்கு வந்துவிட்டாள். கேட்பதாக இல்லை. தங்கையையும் அக்கம்பக்கத்தையும் கையில் காலில் விழுந்தாவது அங்கிருந்து கிளப்பிவிடுவது. தொட்டி என்ன இன்றைக்கேவா வெடிக்கப்போகிறது? இப்படியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்கிறவள் மாதிரி, அந்தப் பக்கம் பார்க்காமலே.

கேள்வி நேரம் தொடங்கும்போது அவள் கேன்டீனில் இருந்தாள். டீ ஆறிப்போய் ஆடை படிந்துவிட்டது. சுவரில் இருந்த டிவியில் அவை ஓடிக்கொண்டிருந்தது. முதல் கேள்வி முடிந்தது. இரண்டாவது கேள்வி முடிந்தது. சபாநாயகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "கேள்வி எண் மூன்று. கிழக்குத் தொகுதி மாண்புமிகு உறுப்பினர்" என்றார். கேமரா நகர்ந்துபோய் அவள் இருக்கையைக் காட்டியது. காலி நாற்காலி. பக்கத்தில் கொட்டாவி, வாயைப் பிளந்தபடி.

"உறுப்பினர் அவையில் இல்லை. அடுத்த கேள்வி."

முடிந்துவிட்டது. இத்தனை ஆட்டமும் இதற்குத்தான். பயம் விட்டுப்போகும் என்று நினைத்தாள். போகவில்லை, கூடவே வெட்கமும் வந்து உட்கார்ந்துகொண்டது. பையில் போன் அதிர்ந்தது. தங்கை. எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. சந்துக்காரர்கள் எல்லாரும் தங்கை வீட்டுத் தரையில் உட்கார்ந்து அந்தக் காலி நாற்காலியைப் பார்த்திருப்பார்கள். தான் ஊசி போட்ட கைகள்தான் எல்லாம். சீ, இப்படி ஒரு பிழைப்பா என்று இருந்தது.

கொறடா சிரித்துக்கொண்டே வந்தார். "ரொம்ப நல்லதுங்க. இங்கயே உக்காந்திருந்தா பத்திரிகைக்காரங்க கண்ணுல படும், பயந்து ஓடிட்டீங்கன்னு எழுதிடுவாங்க. உள்ள போய்த் தலையக் காட்டுங்க. பஸ் லேட்டுன்னு சொல்லிக்கலாம்" என்று அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு போய், இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, தானும் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். போகிற அவசரத்தில் அவள் கைப்பை கேன்டீன் மேசையிலேயே தங்கிவிட்டது.

அவ்வளவு கெட்டிக்காரர் அன்றைக்கு ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆளுங்கட்சிப் பெரிய புள்ளி ஒருவர் வீட்டில் அன்று கல்யாணம். பாதி அவை அங்கே பந்தியில் இருந்தது. கேள்வி போட்டவர்களும் அங்கேதான். சபாநாயகர் நான்கு என்றார், ஆள் இல்லை. ஐந்து, ஒரு துணைக் கேள்வியோடு முடிந்தது. ஆறுக்கு ஆள் இல்லை. அப்படியே போய்க் கடைசிக் கேள்வியும் முடிந்துவிட்டது. சபாநாயகர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நேரம் இருந்தது.

"இரண்டாவது சுற்று. விடுபட்டவர்களை மீண்டும் அழைக்கிறேன். கேள்வி எண் மூன்று. கிழக்குத் தொகுதி உறுப்பினர்."

அவள் முதலில் காதில் சரியாக விழவில்லை என்றுதான் நினைத்தாள். அவளுக்கு முன்னால் மைக்கில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. முன்வரிசையில் கொறடா கழுத்தைத் திருப்பினார். சிரிப்பு இல்லை, மிட்டாய் இல்லை. தலையை மெதுவாக, ஒரே ஒரு தடவை, இல்லை என்று ஆட்டினார்.

கொட்டாவி விழித்துக்கொண்டுவிட்டார். "அடேயப்பா, இந்த விதியக் கண்ணால பாத்துட்டேன்" என்று முணுமுணுத்தார். அப்புறம் அவள் பக்கம் சாய்ந்து, "எந்திரிக்கறதுன்னா எந்திரிங்க. நம்பரச் சொன்னாப் போதும், கேள்வி அச்சுல இருக்கு. இல்லன்னா தலையக் குனிஞ்சுக்குங்க, அவரு போயிடுவாரு" என்றார்.

நம்பரைச் சொன்னால் போதும். ஒரே ஒரு வார்த்தை. பிள்ளைகளையாவது அம்மாக்கள் பிடித்துக்கொள்வார்கள், ஓட முடியாது. அவளை யாரும் பிடிக்கவில்லை, கதவு திறந்துதான் கிடந்தது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? பழக்கதோஷம். இடது கையால் தன் வலது மேல்கையைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"மூணு" என்றாள். கீச்சென்று வந்தது. அவையில் யாரோ சிரித்தார்கள்.

அமைச்சர் எழுந்தார். அவருக்கும் இது எதிர்பாராதது, தாளைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று. "குறிப்பிட்ட தொட்டி உரிய முறையில் சோதிக்கப்பட்டு, பாதுகாப்பாக உள்ளது என்று சான்று அளிக்கப்பட்டுள்ளது" என்று படித்துவிட்டு உட்கார்ந்தார்.

"துணைக் கேள்வி உண்டா?" என்றார் சபாநாயகர்.

உண்டு. அழகாக எழுதி வைத்திருந்தாள். அது கேன்டீனில், கைப்பையில் இருந்தது. எவ்வளவு யோசித்தும் அதில் ஒரு எழுத்துக்கூட நினைவுக்கு வரவில்லை. உள்ளே இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது தானாக வெளியே வந்தது.

"ஐயா, எனக்குப் பயமா இருக்குங்க."

சிரிப்புச் சத்தம் நின்றது.

"நேத்து எங்க வீட்டுக்கு ரெண்டு பேர் வந்தாங்க. இந்தக் கேள்வியக் கேக்க வேணாம்னு சொல்ல வரல. தண்ணி கேட்டுக் குடிச்சாங்க. என் வீட்டுக்காரரு ஸ்கூல் வேன் ஓட்டறாரு. பாலத்துக்கிட்ட சக்கரம் கழண்டா ஆத்துல விழுந்துடும், பாத்து ஓட்டச் சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. இந்நேரம் அவரு அந்தப் பாலத்துலதான் போய்ட்டிருப்பாரு. வேன் நெறைய பிள்ளைங்க." அவள் கையை விடவில்லை. "நான் மொத தடவ கூப்பிட்டப்ப பயந்துக்கிட்டுதான் வெளிய போய் உக்காந்திருந்தேன். எனக்கு அமைச்சர் ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். தொட்டி நல்லா இருக்குன்னா, எதுக்கு என் வீட்டுக்கு ஆள் வரணும்? நல்லா இருக்கற தொட்டியப் பத்திக் கேட்டா யாருக்கு என்ன நஷ்டம்? இத நான் இங்க சொல்லிட்டேன். அவைக்குறிப்புல ஏறிடுச்சு. இனிமே அந்த வேனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எதுக்காக ஆச்சுன்னு நாட்டுக்கே தெரியும்."

உட்கார்ந்தாள். அமைச்சர் எழுந்தார், தாளைப் பார்த்தார், தாளின் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. அதற்குள் எதிர்வரிசை முழுவதும் எழுந்து கூச்சல் போட ஆரம்பித்துவிட்டது. ஆளுங்கட்சி வரிசையில் இரண்டு பேர் எழுந்தார்கள், அவளைத் திட்டத்தான் என்று நினைத்தாள். "பதில் சொல்லுங்க" என்று அவர்களும் அமைச்சரைப் பார்த்துத்தான் கத்தினார்கள். சபாநாயகர் மேசையைத் தட்டித் தட்டிக் கை வலித்து, கடைசியில் தீர்ப்பாகச் சொன்னார்: அமைச்சகத்துக்கு வெளியே இருந்து பொறியாளர்கள் இன்றே போய்த் தொட்டியைப் பார்க்க வேண்டும், உறுப்பினரை மிரட்டியது அவையையே மிரட்டியதாகும், அதையும் விசாரிக்க வேண்டும்.

கொட்டாவி அவள் பக்கம் ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தினார். "இத்தன வருஷத்துல நான் முழிச்சிட்டிருந்து கேட்ட மொதக் கேள்வி" என்றார்.

அன்று பொழுது சாய்வதற்குள் சந்தைக் காலி செய்தார்கள். பொறியாளர்களில் ஒருவர் தொட்டியின் அடிப்பக்கத்தில் விரலால் சுரண்டியதுமே துரு சிம்பு சிம்பாக வந்ததாம். தட்டிப் பார்க்கச் சுத்தியலை எடுக்கவே பயந்து, முதலில் ஆட்களை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார். தங்கை இரண்டு பிள்ளைகளையும் இடுப்பில் ஒன்று தோளில் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து போன் பண்ணினாள். "அக்கா, அதே பழுப்புப் புடவதானே கட்டிக்கிட்டுப் போன? சொன்னாக் கேக்கறியா நீ?" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். கட்சியில் இருந்தும் செய்தி வந்தது. விளக்கம் கொடுக்க வேண்டுமாம், அதுவரை கூட்டங்களுக்கு வர வேண்டாமாம்.

அதெல்லாம் அவள் மனசில் ஏறவில்லை. அவை முடிந்து கேன்டீனில் கைப்பையை எடுத்ததில் இருந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள், எடுக்கவே இல்லை. பஸ் ஊர்ந்து பாலத்தின் மேல் ஏறியபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கைப்பிடிச்சுவர் எங்கேயாவது உடைந்திருக்கிறதா, கூட்டம் நிற்கிறதா என்று. ஒன்றும் இல்லை. ஆனாலும் மறுபடி போன் போட்டாள்.

வேன் வீட்டு வாசலில் நின்றது. ஒரு கீறல் இல்லை. வீட்டுக்காரர் அதன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"போன எடுத்தா என்ன? உசுரு போய் உசுரு வந்துச்சு எனக்கு! பாலத்துல போனீங்களா இல்லியா?"

"போகல" என்றார். "வேன் இன்னிக்கு மெக்கானிக் ஷெட்டுல நின்னுச்சு. ரிப்பேருன்னு பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் காலையிலயே சொல்லிட்டேன். ஷெட்டுலதான் டிவி பாத்தேன். போன வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டேன்."

"என்ன ரிப்பேரு? எல்லாம் இறுக்கமா இருக்குன்னு சொன்னீங்க?"

அவர் பாக்கெட்டில் கையை விட்டு எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்தார். ஒரு நட்டு.

"காலையில ஸ்பேனர் போடவே இல்ல. வெரலால தொட்டேன், கையோட வந்துடுச்சு. பின்சக்கரத்துல எல்லா நட்டும் அப்படித்தான்."

அவள் அதைப் பார்த்தபடி நின்றாள். காலையில் அவர் 'அவ்வளவுதான்' என்று சொன்னது இப்போதுதான் காதில் சரியாக விழுந்தது. அந்தச் சொல்லைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? கவனித்திருக்க வேண்டும்.

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அவைக்கே போயிருக்க மாட்ட."

"நீங்கதான கேக்காதன்னு சொன்னீங்க?"

"சொன்னேன்" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ராத்திரி சொன்னது நெசமாத்தான் சொன்னேன். காலையில இது கையோட வந்தப்போ... இத்தன தூரம் வர்றானுங்கன்னா அந்தத் தொட்டி எப்படி இருக்கும்னு நெனச்சேன்."

"நான் மொத தடவ கேக்கலியே. வெளிய போய் உக்காந்துட்டேன்."

"பாத்தேன். காலி சீட்டக் காட்டுனான்."

"என்ன நெனச்சீங்க?"

"அப்பாடான்னு இருந்துச்சு" என்றார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டே, "வெக்கமாவும் இருந்துச்சு" என்றார்.

அவளுக்கும் அதே இரண்டும்தான் இருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையில் ஸ்பேனர் நட்டில் பொருந்தாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. அவள் இடது கையால் அவர் மேல்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கும் பயமா இருக்குமா?" என்று அவர் கேட்டார்.

"இருக்கும்" என்றாள். "அந்தச் சக்கரத்தையும் பாருங்க."